புது டயரும் குறைந்துபோன மைலேஜும்

“புது டயர் மாட்டியதிலிருந்து மைலேஜ் இறங்கிவிட்டது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ?” கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் டயர்க்காரர் மேல் தப்பு இருக்காது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

காரை ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். சக்கரம் உருளும்போது ரோட்டைத் தொடும் ரப்பர் நசுங்குகிறது, விலகியதும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். அந்தச் சூட்டுக்கும் நம் பெட்ரோல்தான் எரிகிறது. புது டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள், சுமார் 8 மில்லிமீட்டர் உயரம். நெளிவதற்கு அதில் ரப்பர் அதிகம். அதனால் தேய்ந்த டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் கேட்கும்.

மீதிக் குறை மீட்டரில். ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் கிலோமீட்டர் காட்டுகிறது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் புதிதில் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 12 போய்விடும். சிறுத்த சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டரும் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும். பழைய டயரில் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்ட மைலேஜில் ஒரு பகுதி ஓடாத தூரம்!

அதற்காக மொட்டை டயரில் ஓட்டலாமா? கூடவே கூடாது. மழையில் சக்கரத்துக்கு அடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டனுக்கு இடையில் உள்ள பள்ளம்தான். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஐப்பசி மழைக்கு அது போதவே போதாது. இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

இனி காற்று. “வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா வைங்க” என்று சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. இது தப்பு, ஆபத்தான தப்பு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக நெளியும், நெளிந்தால் சூடேறும். ஹைவேயில் டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். ஓரங்களும் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங் கனக்கும். அளவுக்கு மேல் அடித்தாலோ நடுப்பகுதி மட்டும் தேயும், குலுங்கும், பிரேக் பிடிப்பும் குறையும்.

இன்னொன்றும் நடக்கிறது. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் நெடுந்தூரம் ஓடியபின் 37 காட்டும். 5, 6 டிகிரி சூடேறினாலே 1 பிஎஸ்ஐ போல ஏறும். கம்பெனி அளவு சொல்லும்போதே இதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பங்க்கில் அதைப் பார்த்து 4 இறக்கினால், மறுநாள் காலை ஆறிய டயரில் 29தான் நிற்கும்.

சரியான அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். மாதம் ஒருமுறை, காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் செக் பண்ணுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.