வீட்டு முறுக்கு வியாபாரத்துக்கும் வரி உண்டா? புளியரையைத் தாண்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

இலத்தூரில் ஒரு வீடு. அடுக்களையில் அம்மா முறுக்கு பிழிகிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். பணம் அப்பாவின் ஜிபேயில் விழுகிறது. குற்றாலம் சீசன் வந்தால் ஆர்டர் எகிறும். மாதம் இரண்டு பார்சல் கேரளத்தின் புனலூருக்கும் போகும்.

இது உதாரணத்துக்குச் சொன்ன குடும்பம்தான். ஆனால் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நம்ம வியாபாரம் சின்னது, நமக்கெல்லாம் என்ன வரி?” உண்மையில் சிக்கல் வருவது வரியால் அல்ல, கணக்கு இல்லாததால்.

கர்நாடகத்தில் என்ன நடந்தது?

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ மூலம் வந்த தொகையை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2021-22 முதல் 2024-25 வரையிலான நான்கு ஆண்டுப் பரிவர்த்தனைகளை அலசியது. வரியே இல்லாத காய்கறி விற்றவருக்கும் நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் கோடைக் கழற்றிவிட்டு, ‘பணம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. எதிர்ப்பு வலுத்ததும், ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார்.

இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. வங்கிக் கணக்குக்கு எது முறுக்கு விற்ற பணம், எது சீட்டுப் பணம், எது தம்பி அனுப்பிய கைமாற்று என்று தெரியாது. அதைப் பிரித்துச் சொல்லக்கூடியது உங்கள் கணக்கு நோட்டு மட்டும்தான்.

ஜிஎஸ்டி வரம்பு எவ்வளவு?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தையல், டியூஷன், வெப் டிசைன் போன்ற சேவைகளுக்கு 20 லட்சம். பொருளும் சேவையும் சேர்த்துச் செய்தாலும் 20 லட்சம்தான்.

கவனிக்க: இது லாபம் அல்ல, மொத்த விற்பனை. 40 லட்சம் என்பது நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய். பெரும்பாலான வீட்டுத் தொழில்கள் இதற்குள் அடங்கிவிடும். அப்படியென்றால் நிம்மதியா? இலத்தூர்க்காரருக்கு அங்கேதான் ஒரு திருப்பம்.

புளியரையைத் தாண்டினால்?

வேறு மாநிலத்துக்குப் பொருளை அனுப்பி விற்றால் 40 லட்சம் வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருட்கள் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, முதல் ரூபாய் விற்பனையிலிருந்தே பதிவு கட்டாயம். செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளம். சென்னைக்கு அனுப்பும் பார்சலுக்கு இல்லாத சட்டம், பக்கத்தில் இருக்கும் புனலூர் பார்சலுக்கு வந்துவிடுகிறது.

முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு இப்போது 5 சதவீத வரி. ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குக் கேரளத்தில் விற்றால் அந்த விற்பனைக்கு வரி 2,500 ரூபாய்தான். ஆனால் பதிவு செய்யாமல் மாட்டினால் அபராதமே 10,000 ரூபாயிலிருந்து தொடங்கும். பதிவு செய்துவிட்டாலோ, உள்ளூர் விற்பனைக்கும் வரி கட்டி, ரிட்டர்னும் தாக்கல் செய்ய வேண்டும். எனவே அந்த இரண்டு பார்சல் தரும் லாபம் இதற்கெல்லாம் கட்டுப்படியாகுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்று சலுகைகள் உண்டு. அப்பளம் போன்ற வரிவிலக்குப் பொருள் மட்டுமே விற்றால் பதிவு வேண்டாம். கேரள வாடிக்கையாளருக்குச் சேவை செய்தால் 20 லட்சம் வரை வேண்டாம். குற்றாலம் வந்த கேரளக் குடும்பம் உங்கள் வீட்டுக்கே வந்து, முகவரி எழுதாத பில்லில் வாங்கிப் போனால் அது தமிழ்நாட்டு விற்பனைதான்.

வருமான வரி?

இது தனிக் கணக்கு. சிறு தொழில்களுக்கு ‘உத்தேச வருமான’ முறை இருக்கிறது. வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதையே காட்ட வேண்டும்.

9 லட்சத்துக்கு முழுக்க யுபிஐயில் விற்றால், குறைந்தபட்சக் கணக்கில் லாபம் 54,000 ரூபாய். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை பொதுவாக வரி வராது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். வரி பூஜ்ஜியம் என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. மாதச் சம்பளத்தோடு சைடு பிசினஸ் செய்பவர்கள் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

யாருடைய கியூஆர் கோடு?

முறுக்கு பிழிவது அம்மா, பணம் வருவது அப்பாவின் கணக்கில். நாளை கேள்வி வந்தால் அப்பாவின் பான் எண்ணுக்குத்தான் வரும். தொழில் யாருடையதோ, அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆரும் வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நோட்டில் என்ன எழுதுவது?

உத்தேச வருமான முறையில் கணக்குப் புத்தகம் வைப்பது கட்டாயமில்லை. ஆனாலும் எழுதுங்கள். தேதி, யாருக்கு, எந்த ஊருக்கு, எவ்வளவு, ரொக்கமா யுபிஐயா என்று ஐந்து கட்டம் போதும். மாவு, எண்ணெய், கேஸ், பார்சல் செலவுக்குத் தனிப் பக்கம். பில்களை ஆறு ஆண்டுகளாவது பத்திரப்படுத்துங்கள். மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயலிதான் வசதி என்றால் அதுவும் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்துக்கே கணக்கு மென்பொருள் இருக்கிறது. ஆனால் தினமும் எழுதும் கோடு போட்ட நோட்டு, திறக்காத செயலியைவிட மேல்.

விற்பனை வரம்பை நெருங்கினாலோ, வெளிமாநில ஆர்டர் வந்தாலோ, பார்சல் கட்டும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பதிவு கட்டாயமாகிவிட்டால் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவரும் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.