உங்களுக்குத் தெரியுமா? கண்ணீரில் ஒரு காவல்

பெனிசிலினால் உலகப் பிரசித்தி பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1921-இல், லண்டன் செயின்ட் மேரீஸ் வைத்தியசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் பிளெமிங், ஜலதோஷத்தால் அவதியுற்ற சமயத்தில் தம் மூக்குச் சளியையே ஆய்வுத் தட்டிலிட்டு வைத்துப் பார்த்தபோது, அதன் அருகே முளைத்திருந்த கிருமிக் கூட்டங்கள் கரைந்து தெளிந்துபோயிருப்பதைக் கண்டார். அருவருப்பைப் பாராட்டாத அந்த விசாரணையின் பயனாக வெளிப்பட்டதே லைசோசைம் என்னும் நொதி.

கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும், கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் ஏராளமாகவும் உள்ள இது, பாக்டீரியாவின் புறச்சுவரைக் கட்டிநிறுத்தும் சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்துவிட, உள்ளழுத்தம் தாங்கமாட்டாமல் அக்கிருமி வெடித்து மாள்கிறது. எதிர்ப்பொருள்களைப் போல் பகைவனை இனங்கண்டு ஆயத்தமாவதற்கு இதற்கு அவகாசம் வேண்டுவதில்லை. பிறவியிலேயே அமைந்த தற்காப்பின் லட்சணம் அதுவே.

ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டியிருந்தமையால் நண்பர்கள், சிப்பந்திகள் ஆகியோரின் கண்களில் எலுமிச்சைச் சாறு பிழியப்பட்டதாம். விஞ்ஞானம் சில வேளைகளில் சற்றுக் கொடூரமானதுதான்! கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றிடம் இந்நொதி அவ்வளவாகச் செல்லாது என்பது பலருக்கு ஏமாற்றமளித்தது. ஆயினும், இதற்கு இரையாகும் கிருமிகள் நம்மிடம் நோயாக மூளாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் அல்லவா? 1965-இல் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதன் முப்பரிமாண வடிவத்தைத் துலக்கினர். நொதிகளுள் அவ்வாறு முதன்முதல் வடிவம் அறியப்பட்டது இதுவே.