அத்திரிபாச்சா சாப்பிட்டிருக்கிறீர்களா?



குழுக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறோம். சேமிப்புப் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் "கதை சொல்லும்மா" என்று நச்சரிக்கும். உடனே நமக்கு நினைவுக்கு வருவது கொழுக்கட்டைக் கதைதான்.

மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கொழுக்கட்டை சாப்பிட்டான். ருசி பிடித்துவிட்டது. பெயர் மறக்கக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா" என்று தாண்டினான். அதோடு பெயர் மாறிப்போச்சு! வீட்டுக்கு வந்து, "அத்திரிபாச்சா செஞ்சு கொடு" என்றான். பெண்டாட்டி பாவம், எதைச் செய்வாள்?

பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது?

அத்திரிபாச்சா என்று ஒரு பண்டமே கிடையாது. அதனால்தான் பிள்ளைக்குப் பிடிக்கிறது. தனக்குப் பிடித்த ருசியை எல்லாம் அந்தப் பெயருக்குள் போட்டுக்கொள்கிறது. இன்னொரு காரணம் இல்லாமை. நம் பாட்டிமார் காலத்தில் கூலி வீடுகளில் அரிசிச் சோறே நல்ல நாளைக்குத்தான். வெல்லமும் தேங்காயும் வைத்த கொழுக்கட்டைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்!

வெளிநாட்டிலும் இப்படித்தான். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஒரு கதையில், வறுமையால் காட்டில் விடப்பட்ட அண்ணனும் தங்கையும் ரொட்டியால் கட்டிய வீட்டைப் பார்க்கிறார்கள். ஜன்னல் எல்லாம் சர்க்கரை. ரோல்ட் டால் 1964-ல் வெளியிட்ட சாக்லேட் தொழிற்சாலைக் கதையில், ஏழைச் சிறுவனுக்குப் பிறந்தநாளுக்கு மட்டும்தான் சாக்லேட் கிடைக்கும். வயிறு காயும் பிள்ளைதான் இனிப்பைக் கனவு காணும்.

சிரிக்க முடியாத இடம்

நம் கதையின் முடிவை நினைத்துப் பாருங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று அவன் பெண்டாட்டியை அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "ஐயையோ, நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே" என்கிறாள். "ஆமா, அதேதான்!" என்று அவன் குதிக்கிறான். பிள்ளைகள் சிரிக்கின்றன. நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். பெண்டாட்டியை அடிப்பது சாதாரணம் என்பதையும் அந்தச் சிரிப்போடு பிள்ளை விழுங்கிவிடுகிறதே!

கதை நம்முடையது. முடிவை நாமே மாற்றலாம். "ஏங்க, அது எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்கட்டும். "வெள்ளையா, உள்ளே வெல்லமும் தேங்காயும்" என்று அவன் சொல்லட்டும். "அட, கொழுக்கட்டையா! நீங்க தேங்காயைத் துருவுங்க, நான் மாவைப் பிசையுறேன்." இப்படிச் சொன்னாலும் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். அத்திரிபாச்சா அப்படியே இருக்கும், அடி மட்டும் இருக்காது.

கதையில் மட்டுமல்ல, வீட்டிலும் அடி கூடாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். உதவிக்கு 181 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பண்ணைப்புரத்தில் எந்த உறுப்பினரும் தனியாக அழ வேண்டாம். குழுவில் வாய் திறந்து சொல்லுங்கள், கூட வருகிறோம்.