எவர்சில்வரின் வளைகோடு

பரோடாவில் நான் வடிவமைக்கும் அழுத்தக்கலன்கள் நம் வீட்டு எவர்சில்வருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்மார்தாம். சாதா இரும்புக் கம்பியை இழுத்தால், அது நெகிழ்ந்து கொடுக்கும் இடம் தகைவு–திரிபு வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். எவர்சில்வருக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. கோடு மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். எனவே, 0.2 சதவீத நிரந்தர நீட்சி தரும் தகைவையே எல்லை என்று கொள்கிறோம். 304 ரகத்துக்கு அது குறைந்தது 205 மெகாபாஸ்கல். ஆனால் அதற்குக் கீழேயே நிரந்தர நீட்சி கொஞ்சம் ஆரம்பிச்சுடும்!

ஒருமுறை கணினிக்கு வளைகோட்டுக்குப் பதில் இரண்டு நேர்கோடுகளைக் கொடுத்தேன். எல்லாம் சரி என்றது. தண்ணீர்ச் சோதனையில் பிளேஞ்சு லேசாகச் சாய்ந்து, கேஸ்கட் வழியே கசிந்தது. கலனின் உடம்பு இம்மி நீண்டால் பாதகமில்லை. பிளேஞ்சுக்கு அது ஆகாது. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிநூலும் எவர்சில்வருக்குத் தரும் உயர்தகைவுச் சலுகையைப் பிளேஞ்சுக்குப் பரிந்துரைப்பதில்லை. அதன் எட்டாம் பகுதி இரண்டாம் பிரிவின் 2007 பதிப்பில் வளைகோட்டுக்கே சூத்திரம் தந்துவிட்டார்கள். இப்போ அதைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறேன்.