அடுப்பில்லாமல் சுண்டும் சரக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியை ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரும்புச் சட்டியில் பாலும் சீனியும், கீழே முந்திரித் தோட்டுத் தீ, அடிபிடிக்காமல் கிண்டும் கை. தண்ணீர் போகப் போகச் சரக்கு திரளும். எடை குறையக் குறைய விலை கூடும். ஒரு விஸ்கிக் கம்பெனியின் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டி போதும்.

கம்பெனி, பெங்களூரின் அம்ருத் டிஸ்டிலரீஸ். ராதாகிருஷ்ண ஜக்தாளே அதைத் தொடங்கியது 1948இல். ராணுவ கேன்டீன்களுக்கு ரம் அனுப்பி வளர்ந்த நிறுவனம் அது. 1976இல் மகன் நீலகண்ட ஜக்தாளே பொறுப்பேற்றார். எண்பதுகளில் வாற்கோதுமையிலிருந்து மால்ட் வடிக்கத் தொடங்கினார்கள், மற்ற விஸ்கியோடு கலப்பதற்காக. நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது.

வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைக்கிறார்கள். வெந்நீரில் அதன் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்பு வடிகலனில் இருமுறை வடித்தால் தண்ணீர்போல ஒரு திரவம் வரும். நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாயில் கிடக்கும்போதுதான் ஏறுகின்றன.

சட்டிக் கணக்கு தொடங்குவது இங்கேதான். தீ இல்லை, வெயில்தான் அடுப்பு. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். பெங்களூரில் 10 முதல் 12. 200 லிட்டர் ஊற்றி நான்கு ஆண்டு வைத்தால் அங்கே 184 மிஞ்சும், இங்கே ஏறத்தாழ 125. பால்கோவாவில் போவது தண்ணீர் மட்டும், போகட்டும் என்று விடலாம். பீப்பாயிலோ சாராயமும் சேர்ந்து போகிறது. போட்ட முதல் போகிறது. ஆனால் அதே வெயில் மரத்தின் சாரத்தையும் வேகமாக இறக்குகிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும் பக்குவம் இங்கே நாலைந்தில் வந்துவிடும். வட்டிக்குப் பணம் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு இது லேசான சலுகை இல்லை.

பதம் தெரிந்து இறக்குவதுதான் மிச்ச வித்தை. இறக்கியதை விற்கவும் வேண்டும். 2004இல் தங்கள் மால்ட்டை மற்ற விஸ்கியோடு கலக்காமல், சிங்கிள் மால்ட்டாக, முதலில் விற்க அம்ருத்காரர்கள் போன ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. எனக்கு இதுதான் இந்த வரலாற்றிலேயே துணிச்சலான காரியம்: விஸ்கிக்காரர்களின் சொந்த ஊரில் போய்க் கடைவிரிப்பது. ஆரம்பத்தில் விற்பனை தள்ளாடியது. 2010 பதிப்பு 'விஸ்கி பைபிள்' நூலில் விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே, அவர்களின் 'அம்ருத் ஃப்யூஷன்' சரக்கை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக வைத்த பிறகு நிலைமை மாறியது. பெங்களூர்க் கடைகளுக்கு அம்ருத் சிங்கிள் மால்ட் வந்ததும் 2010இல்தான்.

ஆவியாகும் பங்கை ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவதைகளின் பங்கு என்பார்கள். 8 ஆண்டு விட்டுவைத்து, பாதிக்கும் மேல் பறிகொடுத்து எடுத்த சரக்குக்கு அம்ருத் வைத்த பெயர் 'கிரீடி ஏஞ்சல்ஸ்', பேராசைக்காரத் தேவதைகள். விலையும் அதற்கேற்பத்தான்.