பத்து நிமிடப் பேரச்சம்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் ஓயாமல் தேங்காய் உடைபடும். சுற்றிலும் கிழக்கேகோட்டைப் பேருந்துகளின் இரைச்சல், சாலைக் கடைவீதிக் கூட்டம். அந்த நெரிசலில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூச்சு முட்டுகிறது, விரல்நுனி மரத்துப்போகிறது, உயிரே போகப்போகிறது என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இ.சி.ஜி. சீராக இருக்கிறது. “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அவர் உடலில் நிறையவே நடந்திருக்கிறது. இல்லாத ஆபத்தை இருப்பதாக மூளை கணித்ததும் அட்ரீனலின் பாய்கிறது. தப்பி ஓடுவதற்கு வேண்டிய ஆக்சிஜனைச் சேர்க்க மூச்சு வேகமெடுக்கிறது. ஆனால் அவர் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார். அதனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றலும் மரமரப்பும் அப்படி வருபவை. அவற்றை மாரடைப்பின் அறிகுறி என்று எண்ணியதும் பயம் இரட்டிக்கிறது, பயம் இதயத்தை இன்னும் விரட்டுகிறது. பேனிக் அட்டாக்கின் இந்தச் சுழலைத்தான் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கிவிடும்.

பயத்துக்கு மூளையின் அமிக்டலாதான் பொறுப்பு என்று பள்ளிப் பாடம்போலச் சொல்லிவிடுகிறோம். எஸ்.எம். என்ற குறியீட்டால் அறியப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோனது. பாம்பைக் கையில் எடுத்தும் அவர் பயப்படவில்லை. ஆனால் அவரை 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது கடும் பீதிக்கு உள்ளானார். அதே சிதைவு கொண்ட வேறு இருவருக்கும் அப்படியே நேர்ந்தது. அமிக்டலா இல்லாமலும் உடலுக்குள்ளிருந்தே பீதி எழக்கூடும் என்று காட்டிய, 2013இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபின், பேனிக் அட்டாக் வந்தவரிடம் “தைரியமாக இரு” என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வலிப்பதெல்லாம் பதற்றம் என்று நாமே முடிவுகட்டவும் கூடாது. முதல்முறை நெஞ்சுவலி வந்தால் இதயத்தையும், படபடப்பு தொடர்ந்தால் தைராய்டையும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

பேனிக் அட்டாக்குக்குப் பிறகு வருவதுதான் பெரிய இழப்பு. மறுபடி வந்துவிடுமோ என்று, கோயில் வாசலில் தவித்த அவர் பழவங்காடிப் பக்கமே போகமாட்டார். அடுத்து பேருந்து, அப்புறம் கடைவீதி, கடைசியில் வீட்டு வாசல்கூட. திறந்த சதுக்கத்தைக் கடக்க அஞ்சியவர்களைப் பற்றி பெர்லின் மருத்துவர் வெஸ்ட்பால் 1871இலேயே எழுதினார். விலகி விலகி வாழ்வதால், அங்கே போனாலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கற்கும் வாய்ப்பே மூளைக்குக் கிடைப்பதில்லை.

ஆகவேதான் சிகிச்சையில் அந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். சிகிச்சையாளரின் துணையோடு வேகமாக மூச்சுவிட்டு, படியேறி, படபடப்பு தானாக அடங்குவதை நோயாளி நேரில் காண்கிறார். பிறகு கூட்டத்துக்குள் சிறிது சிறிதாகப் போகப் பழகுகிறார். தேவையானவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது எளிது. காகிதப் பையை மூக்கில் வைக்க வேண்டாம். உண்மையில் இதயநோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து. கூடவே இருந்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். இந்தியாவில் எங்கிருந்தும் டெலி-மானஸ் 14416, கேரளத்தில் திஷா 1056 என்ற எண்களில் இரவிலும் உதவி கேட்கலாம்.