இறப்பர்ப் பாலும் இரசாயனவியற் பாடமும்

இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்கே உரியது என்ற எண்ணம், உழைப்பிலிருந்து அறிவைப் பிரித்துவைத்த சமூக அமைப்பின் விளைவாகும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்கள் இவ்வெண்ணத்தை நாள்தோறும் பொய்ப்பிக்கின்றன.

பால்வெட்டும் தொழிலாளி கொணரும் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இறப்பராகும். அதன் நுண்துணிக்கைகள் மறையேற்றம் உடையவை; எனவே ஒன்றையொன்று தள்ளி, நீரிற் பிரிந்து நிற்கின்றன. ஐதான போமிக்கமிலத்தைச் சேர்த்ததும் ஐதரசன் அயன்கள் அவ்வேற்றத்தை நடுநிலையாக்க, துணிக்கைகள் திரண்டு கட்டியாகின்றன. மாறாக, அமோனியா சேர்த்த பால் நெடுநாள் திரளாதிருக்கும். அமோனியா காரத்தன்மையைப் பேணுவதோடு, பாலைப் புளிக்கச்செய்யும் பற்றீரியாக்களையும் தடுக்கிறது.

அமிலம், காரம், கூழ், ஏற்றம் ஆகிய எண்ணக்கருக்கள் அனைத்தும் இவ்வொரு தொழிலில் அடங்கியுள்ளன. இவற்றைக் கற்பிக்க விலையுயர்ந்த உபகரணங்கள் வேண்டியதில்லை. அமோனியா சேராத பால் ஒரு குவளை, பாசிச்சாயத்தாள், தேசிக்காய்ச்சாறு ஆகியவை போதும். வெவ்வேறு அளவிற் சாறு சேர்த்து, பால் திரள எடுக்கும் நேரத்தை மாணவர் தாமே அளந்து அட்டவணைப்படுத்தலாம்.

போமிக்கமிலத்துக்குப் பதிலாகத் தேசிக்காய்ச்சாறு ஏன்? அவ்வமிலம் தோலை எரிக்கும். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். அவ்வாறாயின், மாணவரின் கைக்கு ஆகாத அமிலம் அவருடைய தாயின் கைக்கு மட்டும் எவ்வாறு ஆகும்? இவ்வினாவைப் பாடநூல் தவிர்க்கலாகாது. கையுறை கேட்கும் உரிமையையும் உணர்த்தும்போதே இரசாயனவியல் தோட்டத்துப் பிள்ளைகளின் சொந்த அறிவாகிறது.